சுயவிபரக் கோவையை யாரிடம் எழுதக் கொடுப்பது?

கச்சேரி வாசலிலும் நீதிமன்ற வளவிலும் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்திருந்த பெட்டிசம் எழுதுபவரை எமது பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காணிப் பிரச்சினையோ நிவாரணமோ, எதுவானாலும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். நல்ல எழுத்தாளர் என்றால் முதலில் கேள்வி கேட்பார்: "எந்த வருடம்? எத்தனை ஏக்கர்? உறுதி இருக்கிறதா?" இன்னொருவர் ஒன்றும் கேட்காமல், முன்பு யாருக்கோ அடித்த கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்து விடுவார். இருவருக்கும் கூலி ஒன்றுதான். பயன் ஒன்றல்ல.

இன்று அந்த மரநிழல் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. "ஒரே நாளில் சீ.வி. எழுதித் தருகிறோம், வேலை நிச்சயம்" என்று இணையத்தில் பலர் அழைக்கிறார்கள். சீ.வி. என்று எல்லோரும் சொல்லும் சுயவிபரக் கோவையை எழுதிக் கொடுப்பது இப்போது ஒரு தொழில். அதில் திறமையானவர்களும் இருக்கிறார்கள், ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். பிரித்தறிவது எப்படி என்பதே இக்கட்டுரை.

எமக்கு ஏன் இது முக்கியம்?

2006 ஏப்ரலில் சம்பூரையும் அயற் கிராமங்களையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி போன்ற முகாம்களிலும் வருடக்கணக்காக இருந்தன. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே பலர் திரும்பினர். அன்று இடுப்பில் தூக்கிச் சென்ற பிள்ளைகள் இன்று வேலை தேடும் வயதில் நிற்கிறார்கள். துறைமுகத்தைச் சுற்றி மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் இருக்கின்றன. சம்பூரிலேயே சூரிய மின் நிலையத்துக்கான வேலை 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. இத்தகைய இடங்களின் வாசலில் எமது பிள்ளைக்கு முன்னால் போவது அந்த இரண்டு பக்கத் தாள்தான்.

எமக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இணையத்தில் கண்ட ஒருவருக்குப் பணம் அனுப்பிச் சுயவிபரக் கோவை எழுதுவித்தாள். அவர் கேட்டது பெயர், வயது, பரீட்சைப் பெறுபேறு மட்டுமே. வந்த தாள் அழகாக இருந்தது. ஆனால் அவள் ஒருநாளும் பார்க்காத விடுதி வேலை இரண்டு வருட அனுபவமாக அதில் ஏறியிருந்தது. நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டபோது அவளுக்குப் பதில் இல்லை. முகாமில் மூன்று வருடம் சிறுபிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தவள் அவள். அது தாளில் ஓரிடத்திலும் இல்லை. பொய் அவளைக் கெடுத்தது. அவளுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய உண்மையையோ யாரும் கேட்கவில்லை.

முதலில், பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

அரச வேலைகளுக்குப் பெரும்பாலும் சுயவிபரக் கோவை தேவையில்லை. வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரச வர்த்தமானியில் பதவி வெற்றிடங்களோடு மாதிரி விண்ணப்பப் படிவமும் வரும். அதன்படியே விண்ணப்பிக்க வேண்டும். வர்த்தமானியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாதிரிப் படிவத்தை விட்டு அலங்காரமான தாள் அனுப்பினால் விண்ணப்பம் தள்ளப்படக்கூடும்.

தனியார் வேலை என்றால், முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைக் கேளுங்கள். தொழில் வழிகாட்டல் அவர்களுடைய கடமை. பாடசாலை ஆசிரியரும், வேலையில் இருக்கும் உறவினரும் உதவலாம். இவ்வளவுக்கும் பிறகு ஆங்கிலத்தில் திருத்தமாக எழுத ஆள் தேவை என்றால் மட்டும் பணம் கொடுங்கள்.

கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. எம்மிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்? தொலைபேசியிலாவது அரை மணித்தியாலம் பேசாதவர் எமது கதையை எழுத முடியாது. இதுவே முதல் உரைகல்.

2. முன்பு எழுதியதைக் காட்டுவாரா? பெயர், முகவரிகளை மறைத்து இரண்டு மூன்று மாதிரிகள் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் ஒரே வசனங்கள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

3. மொத்தக் கூலி என்ன? திருத்தத்துக்கு வேறாக எடுப்பாரா? எத்தனை தடவை திருத்துவார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

4. வேலை நிச்சயம் என்கிறாரா? அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம். தாள் எழுதுபவர் வேலை கொடுப்பவர் அல்லர்.

5. எதை அனுப்பச் சொல்கிறார்? கோவை எழுத அடையாள அட்டையின் பிரதியோ வங்கி விபரமோ தேவையில்லை. அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் நாளும் பொதிந்திருக்கின்றன. தேவையான இலக்கங்களைக் கடைசியில் நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

6. எந்த வடிவில் தருவார்? நாம் பின்னர் திருத்தக்கூடிய வேர்ட் கோப்பும், அனுப்புவதற்குப் பீ.டி.எஃப். கோப்பும் இரண்டும் வேண்டும். தமிழில் எழுதினால் யுனிகோட் எழுத்தில் கேளுங்கள். பாமினி எழுத்தில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தெரியும். பெரிய கம்பனிகள் சிலவற்றில் முதலில் கணினியே தாளை வாசித்து வடிகட்டுகிறது. கட்டங்களும் படங்களும் நிறைந்த தாளை அது சரியாக வாசிக்காமல் விடலாம். எளிமையே நல்லது.

இடம்பெயர்ந்த வருடங்களை என்ன செய்வது?

எம்மவர் பலர் தயங்கும் இடம் இது. வெற்றிடமாக விட்டால் சும்மா இருந்ததாக நினைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் பொய் அனுபவம் உள்ளே வருகிறது.

உண்மையை ஒரு வரியில் எழுதலாம்: "2006 முதல் 2016 வரை குடும்பத்துடன் இடம்பெயர்ந்திருந்தேன்." அதன் கீழே அக்காலத்தில் செய்ததை எழுதுங்கள். நிவாரணப் பொருட் பதிவேடு வைத்ததும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கு எழுதியதும் வேலைதான். "விவசாயம்" என்ற ஒரு சொல் முதலாளிக்கு ஒன்றும் சொல்லாது. "உழவு இயந்திரம் ஓட்டுவேன், நீரிறைக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பேன், அறுவடை நாளில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன்" என்றால் தொழிற்சாலைக்காரர் நின்று வாசிப்பார்.

இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி 1482 அளவில் மிலான் நகர ஆட்சியாளருக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் வரைந்தார். அதில் பாலம் கட்டும் திறமையும் போர்க்கருவி செய்யும் திறமையும் முன்னே நின்றன. ஓவியம் கடைசியில்தான் வந்தது. வேலை கொடுப்பவருக்குத் தேவையானதை முன்னே வைத்தார். பொய் சொல்வது வேறு, வரிசையை மாற்றுவது வேறு.

கடதாசி இல்லாதவர்கள்

பரீட்சைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாத மேசன், ஒட்டுனர், மோட்டார் திருத்துனர் ஆகியோருக்கு 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற வழி இருக்கிறது. நைட்டா, தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற நிறுவனங்கள் வேலையைச் செய்துகாட்டச் சொல்லி மதிப்பிட்டு, என்.வீ.கியூ. என்னும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்க வழி செய்கின்றன. எழுத்தாளருக்குக் கொடுக்கும் பணத்தை விட இதற்குச் செலவிடும் நாட்கள் கூடிய பலன் தரும்.

வெளிநாட்டு வேலைக்கென்று கோவை எழுதித் தருபவர் அதோடு விசாவும் எடுத்துத் தருவதாகச் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். ஆள் அனுப்பும் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்தில் பணியகத்தை அழைத்து விசாரிக்கலாம். நாட்டுக்கு நாடு வழக்கமும் வேறு. வளைகுடாவில் புகைப்படம் கேட்பார்கள். கனடாவில் புகைப்படமும் வயதும் சேர்ப்பதில்லை. இந்த வித்தியாசம் தெரியாதவர் வெளிநாட்டுக் கோவை எழுதத் தகுந்தவர் அல்லர்.

இன்றே செய்யக்கூடியது

ஒரு பள்ளிக் கொப்பியை எடுங்கள். பிறந்தது முதல் இன்றுவரை எங்கே இருந்தோம், என்ன படித்தோம், என்ன செய்தோம், யார் அதற்குச் சாட்சி என்று வருட வரிசையில் தமிழிலேயே எழுதுங்கள். வீட்டில் எல்லோரும் இருந்து எழுதினால் மறந்தவையும் நினைவுக்கு வரும். அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு எவரிடமும் போகலாம்.

முடிந்த கோவை வந்ததும், தெரிந்த ஒருவரை வைத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் செய்து கேளுங்கள். நாம் விளக்க முடியாத ஒரு வரிகூட அதில் நிற்கக்கூடாது. எழுதியவர் யாராக இருந்தாலும், நேர்முக அறையில் பதில் சொல்லப் போவது நாம்தான்.