உலர் குப்பை யாருக்குச் சொந்தம்?

மாநகராட்சி வண்டி தெருவுக்குள் நுழையும் முன்பே, விடிந்தும் விடியாததுமாக ஒருவர் தோளில் சாக்குடன் வந்து தொட்டிகளைக் கிளறிவிட்டுப் போயிருப்பார். மாநகராட்சி அவருக்குச் சம்பளம் தருவதில்லை. பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இருக்காது. ஆனால் நம் நகரங்களில் மறுசுழற்சிக்குப் போகும் பாட்டில், அட்டை, தகரம் எல்லாவற்றிலும் பெரும்பங்கு அவரைப் போன்றவர்களின் கை வழியாகத்தான் போகிறது.

சாக்கு நேரே காயலான் கடைக்குப் போகும். எடை போட்டு அன்றைக்கே காசு. கடைக்காரர் அதை வகை வகையாகச் சேர்த்து வைத்து, அட்டை மட்டும் எடுப்பவர், பிளாஸ்டிக் மட்டும் எடுப்பவர் என்று மொத்த வியாபாரிகளுக்கு விற்பார். அங்கிருந்து ஆலைக்கு. பழைய அட்டை மறுபடி அட்டையாகிறது, தண்ணீர் பாட்டில் பாலியெஸ்டர் இழையாகிறது.

இதில் உள்ள வேலையை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடி வேறு வகை பிளாஸ்டிக் என்பதால் அதைக் கழற்றித் தனியே போட வேண்டும். லேபிளைக் கிழிக்க வேண்டும். நிறமில்லாத பாட்டிலுக்கு ஒரு சாக்கு, பச்சைக்கு இன்னொன்று, ஏனென்றால் நிறமில்லாததற்குத்தான் நல்ல விலை. பால் கவர் தனி. குழம்பு கொட்டிய அட்டைக்கு விலையே இல்லை. பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட்டைத் தொடமாட்டார்கள். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒன்றாக ஒட்டியிருப்பதைப் பிரித்து வாங்க ஆளில்லை. எது விலைபோகும், எது போகாது என்று தொட்ட மாத்திரத்தில் தெரிந்துகொள்ளும் இந்த அறிவு பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது.

வருமானமோ அவர் கையில் இல்லை. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதிய பிளாஸ்டிக் மலிவாகும், பழையதைக் கேட்பவர் குறைவார்கள், அந்த அடி கடைசியில் சாக்கு தூக்குபவர் தலையில் விழும். அவசரத்துக்குக் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், வேறு கடையில் கூடுதல் விலை கிடைத்தாலும் போக முடியாது.

நகர நிர்வாகம் இவர்களை மறந்துவிட்டுத் திட்டம் போடும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்து, அள்ளிய டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். குப்பை கூடக் கூட நிறுவனத்துக்கு லாபம். தொட்டியிலிருந்து பாட்டிலையும் அட்டையையும் எடுப்பவரோ அந்த எடையைக் குறைக்கிறார். ஊருக்கு நல்லது செய்பவர் ஒப்பந்தக்காரருக்கு இடைஞ்சலாகிவிடுகிறார். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளிலும் இதே முரண் உண்டு. நன்றாக எரிவது காகிதமும் பிளாஸ்டிக்கும்தான். காயலான் கடையில் விலைபோவதும் அவைதான்.

எகிப்தின் கெய்ரோ நகரம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அங்கே சப்பாலீன் எனப்படும் சமூகத்தினர் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய்க் குப்பை எடுத்து, அதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2003 வாக்கில் அரசு அந்த வேலையை ஐரோப்பிய நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஒப்பந்தப்படி 20 விழுக்காட்டை மறுசுழற்சி செய்தால் போதும். வாசலுக்கு வந்து எடுத்துப் பழகிய மக்களைத் தெருத்தொட்டிக்கு நடக்கச் சொன்னார்கள். குப்பை தெருவில் தேங்கியது. பிற்பாடு அரசே சப்பாலீன்களை முறைப்படி சேர்த்துக்கொள்ள முன்வந்தது.

புனே வேறு வழியில் போனது. 1993இல் அங்கே குப்பை சேகரிப்போரின் தொழிற்சங்கம் தொடங்கியது. மூத்த தொழிலாளர் தலைவர் பாபா ஆடவ் அதற்குத் துணை நின்றார். முதல் வேலை அடையாள அட்டை. திருட்டுப் பட்டம் கட்டி விரட்டப்பட்டவர்களின் கையில் மாநகராட்சி ஒப்புக்கொண்ட அட்டை வந்தது. 2008இல் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியுடன் ஒப்பந்தம் போட்டது. இன்று அதில் 3,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தலித் பெண்கள். தள்ளுவண்டியோடு வாசலுக்கு வந்து குப்பையைப் பிரித்து வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணத்தை அவர்களிடமே கொடுக்கிறார். விற்கக்கூடிய உலர் குப்பை அவர்களுக்கே சொந்தம். இந்த இரண்டாவது வருமானம்தான் ஏற்பாட்டின் உயிர்நாடி: பொருளைப் பிரிப்பவருக்கே அதன் விலையும் போவதால் யாரும் மேற்பார்வை பார்க்கத் தேவையில்லை. ஒப்பந்தம் முடியும் போதெல்லாம் புதுப்பிக்க இழுபறி நடக்கிறது என்பது பெருங்குறை.

சட்டம் நமக்கும் இடம் கொடுத்தது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை சேகரிப்போரின் அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்து, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பணியில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லின. எழுத்தில் இருந்தது நடைமுறைக்கு வந்த ஊர்கள் சில மட்டுமே.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. அடையாள அட்டை, கையுறை, மருத்துவக் காப்பீடு. வார்டுக்கு ஒரு கூரை போட்ட இடம், அங்கே ஒரு தராசு. பொருளைச் சேர்த்து வைத்து நல்ல விலைக்கு விற்க முடிந்தால் முன்பணத்தின் பிடி தளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தனியார் ஒப்பந்தத்திலும் உலர் குப்பை மீதான முதல் உரிமை இவர்களுக்கு என்ற ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாமல் கொடுக்கப்படும் அட்டையும் கையுறையும் வெறும் ஆறுதல்தான் என்பது என் உறுதியான கருத்து. இயந்திரம் கொண்டு பிரிக்கலாமே என்பவர்கள், ஈரமும் உலர்ந்ததும் கலந்து வந்த குப்பையை எந்த இயந்திரமும் சுத்தமாகப் பிரித்துத் தராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே வீட்டில் இருக்கும் நாம் ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் கலக்காமல் இரண்டு தொட்டிகளில் வைப்போம். பால் கவரை அலசிக் காயவைப்போம். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றுவோம். நாப்கினையும் டயப்பரையும் தனியே பொதிந்து, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்போம். அந்தப் பொதியை வெறுங்கையால் பிரித்துப் பார்க்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.