அழித்தும் குறையாத வட்டு

தீவில் வாழ்வோருக்குக் கையிருப்பின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்ட போர்ட் பிளேரில், மரைன் ஹில் பகுதியில் ஓர் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே கணினியின் சேமிப்பு நிரம்பிவிட்டால் புதிய வட்டு பெரும்பாலும் கடல் கடந்தே வர வேண்டும். சென்னையிலிருந்து கப்பலில் வருவதாயின் ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் செய்தியை நொடியில் கொணரும், வட்டைக் கொணராது. எனவே, இருக்கும் இடம் எவ்வாறு மறைகிறது என்பதை அறிவது நன்று.

இக்காலத்தில் ஒரே இயந்திரத்தினுள் பல மெய்நிகர் கணினிகளை இயக்குகிறார்கள். பத்துக் கணினிகளுக்குத் தலைக்கு 100 ஜிகாபைட் என வாக்களித்துவிட்டு, மெய்யாக 600 ஜிகாபைட் மட்டுமே வைத்திருப்பதும் உண்டு. எழுத எழுதத்தான் இடம் ஒதுக்கப்படும். இது மோசடி அன்று, சிக்கனம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மெய்யான இடம் தீர்ந்தால், புதிதாக எழுத முற்படும் கணினிகள் யாவும் ஒருங்கே நின்றுபோகும்.

உள்ளே 30 ஜிகாபைட்தான் பயனாகிறது. வெளியே வட்டுக் கோப்பு 90 ஜிகாபைட்டாக வளர்ந்திருக்கிறது. காரணம் என்ன? ஒரு சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் அறையைக் காலி செய்கிறார்; சாவியைத் திருப்பித் தருவதில்லை. சத்திரத்து மேலாளர் அவ்வறை நிரம்பியிருப்பதாகவே எண்ணுகிறார். மெய்நிகர் கணினியில் கோப்பை அழித்தாலும் இதுவே நிகழ்கிறது. குறிப்பேட்டில் பெயர் நீங்குகிறது, இடம் திரும்புவதில்லை. அடுத்து எழுதுவது வேறு அறையில் போய் அமரவும் கூடும்.

பரிகாரத்தை வரிசையாகத் தேட வேண்டும். முதலாவதாக, உட்கணக்கையும் வெளிக்கணக்கையும் ஒப்பிடுக. இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருந்தால் குற்றவாளி உள்ளே இருக்கிறான்: பெருகிய பதிவேடுகள், தற்காலிகக் கோப்புகள், புதுப்பிப்புகளின் எச்சம். வெளியே மட்டும் வளர்ந்திருந்தால், ஸ்னாப்ஷாட் எனப்படும் பழைய நிலைப்பதிவுகள் உள்ளனவா எனப் பார்க்க. அவை பழைய அறைகளை விடாது பற்றியிருக்கும். தேவையற்றவற்றை முறைப்படி நீக்குக.

அதன் பின்னரே சாவியைத் திருப்பித் தரும் கட்டளை வேண்டும். லினக்ஸில் அது எஃப்எஸ்ட்ரிம். விண்டோஸில் வட்டைச் செம்மைப்படுத்தும் கருவி அதனைச் செய்யும். ஆயினும் நடுவிலுள்ள ஒவ்வோர் அடுக்கும் அச்செய்தியைக் கீழே கடத்துமாறு அமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஓர் அடுக்கு மறுத்தாலும் பயனில்லை.

காலி இடம் முழுவதும் சுழியங்களை எழுதிப் பின்னர் சுருக்கும் பழைய முறையும் உண்டு. அதில் எச்சரிக்கை தேவை. சுருங்குமுன் வட்டு முழு அளவுக்கு வீங்கிவிடலாம். இடம் குறுகிய வேளையில் அதனைச் செய்வது, தீயை அணைக்க எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

வாக்களித்த இடம் எவ்வளவு, மெய்யாக எஞ்சிய இடம் எவ்வளவு என்ற இரு எண்களையும் வாரந்தோறும் குறித்து வருக. எண்பது விழுக்காடு நிரம்பும்போதே எச்சரிக்கை ஒலிக்குமாறு அமைத்துவிட்டால், கப்பல் வந்து சேரும்வரை பணி தடைப்படாது.