வண்டி எங்கே போனது, எதற்குப் போனது

மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகும் டிரிப் ஷீட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேதி, வண்டி எண், ஸ்டார்ட்டிங் கிலோமீட்டர், க்ளோசிங் கிலோமீட்டர், போன இடம், டிரைவர் கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். முப்பது வரியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே உட்காரலில் எழுதியதாக இருக்கும். போன இடம் ‘லோக்கல்’. அதற்குக் கீழே இரண்டு சின்னக் கோடு, அதாவது மேற்படி. அதற்கும் கீழே மேற்படி. தூரம் 60, 45, 80, மறுபடி 60. முப்பது நாளில் ஒரு நாளாவது வண்டி 57 கிலோமீட்டரோ 63 கிலோமீட்டரோ ஓடியிருக்க வேண்டாமா? டிரைவர் பொய் எழுதினார் என்று சொல்ல வரவில்லை. தினமும் எழுத வேண்டியதை மாதம் முடிந்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் இப்படித்தான் வரும். இந்தத் தாளுக்குப் பதிலாக டிஜிட்டல் பதிவு முறைக்கு மாறலாம் என்று நிறுவனங்கள் யோசிப்பது சரி. மாறும்போது எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. விற்க வருகிறவர் லேப்டாப்பைத் திறந்து, வரைபடத்தில் வண்டிகள் ஊர்ந்து போவதைக் காட்டுகிறார். முதலாளிக்கு அது பிடித்துப்போகிறது. ஆனால் இப்போது வண்டி எங்கே நிற்கிறது என்பது ஒரு கேள்வி. போன வருடம் ஆவணி மாதம் அந்த வண்டி எங்கே, எதற்காகப் போனது, அதை நம்பலாமா என்பது வேறு கேள்வி. தூரப் பதிவு முறையின் வேலை இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது. அதற்கு வரைபடம் அவ்வளவாக உதவாது. பிறகு யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாத பதிவு வேண்டும். பயணத்தின் காரணம் அன்றைக்கன்றே அதில் ஏறியிருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் யார்? முதலில் வருமான வரித்துறை. நிறுவனம் தரும் கார் முழுக்க ஆபீஸ் வேலைக்கே ஓடியது, ஆகவே அதை ஊழியரின் வருமானத்தோடு சலுகையாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று காட்ட வேண்டுமானால், 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் 3ஆவது விதி நெடுங்காலமாகக் கேட்டு வந்தது இதைத்தான்: பயணத் தேதி, போன இடம், ஓடிய தூரம், ஆன செலவு ஆகியவற்றின் முழு விவரம், கூடவே நிறுவனத்தின் சான்று. கையில் விவரம் இல்லை என்றால், ஓரளவு ஆபீஸ் உபயோகம், ஓரளவு சொந்த உபயோகம் என்று வைத்து மாதத்துக்கு இவ்வளவு எனச் சேர்த்துவிடுவார்கள். தொழில் செய்பவர்களின் நிலையும் இதே. வண்டிச் செலவு முழுவதையும் தொழில் செலவில் எழுதிவிட்டுப் பதிவேடு காட்ட முடியாமல் நின்றால், அதில் ஒரு பங்கு வீட்டு உபயோகம் என்று சொல்லி ஏற்க மறுப்பது வரி மதிப்பீட்டில் சகஜம். விபத்து நடந்த நேரத்தில் வண்டி யார் கையில் இருந்தது என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கலாம். எத்தனை கிலோமீட்டருக்குப் பணம் தர வேண்டும் என்று வாடகைக்கு வண்டி விட்டவர் கேட்கலாம். இவர்களில் யாருக்கும் ஊர்ந்து போகும் புள்ளி தேவையில்லை.

இந்த விஷயத்தை மிகவும் ஆழமாக அலசியவர்கள் ஜெர்மானிய வரி நீதிமன்றங்கள். அங்கே நிறுவனக் காரைச் சொந்தத்துக்கும் ஓட்டுகிற ஊழியருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, காரின் பட்டியல் விலையில் 1 சதவீதத்தை மாதந்தோறும் வருமானமாகச் சேர்த்து வரி கட்டுவது. 40,000 யூரோ கார் என்றால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் 400 யூரோ. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் தூரத்துக்குத் தனியாக இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டாவது வழி, ஒவ்வொரு பயணத்தையும் பதிவேட்டில் எழுதி, உண்மையில் ஓடிய சொந்தக் கிலோமீட்டருக்கு மட்டும் வரி கட்டுவது. குறைவாகச் சொந்த உபயோகம் செய்பவருக்கு இரண்டாவது வழியில் நல்ல மிச்சம். அதனால்தான் பதிவேடு செல்லுமா செல்லாதா என்று அங்கே அத்தனை வழக்கு. 2005 நவம்பரில் ஜெர்மனியின் உச்ச வரி நீதிமன்றம் ஒரு வழக்கில் கோட்டைத் தெளிவாகக் கிழித்தது: கணினியில் உருவாக்கிய பதிவு, ஒன்று பிறகு மாற்றவே முடியாதபடி இருக்க வேண்டும், அல்லது மாற்றினால் அந்த மாற்றம் அந்தக் கோப்பிலேயே பதிவாகி வெளிப்படையாகத் தெரிய வேண்டும். எக்செல் தாள் இந்தச் சோதனையில் தோற்றது. தையல் போட்ட நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்தால் தெரியும். எக்செல்லில் ஒரு வரியை அழித்தால் அந்த வரி இருந்ததே தெரியாது. பிறகு ஜிபிஎஸ் வந்தது. வழியும் தூரமும் தானாகப் பதிவாகின்றன, இனி என்ன குறை என்று வாதாடிப் பார்த்தார்கள். 2019இல் லோயர் சாக்சனி மாநில வரி நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. சக்கரம் உருண்ட பாதை உடனுக்குடன் பதிவானால் போதாது, எதற்காகப் போனோம் என்பதும் உடனுக்குடன் எழுதப்பட வேண்டும் என்றது. மின்னணுப் பதிவேட்டில் காரணத்தை எழுதப் பயணம் முடிந்து 7 நாள் வரை அந்நாட்டு நிதி அமைச்சகம் அவகாசம் தருகிறது. ஒரு வாரத்துக்கு மேல் மனித ஞாபகத்தை நம்ப அவர்கள் தயாராக இல்லை.

ஜெர்மனியின் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் அடிப்படை நம் ஊர்ச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும், எந்தப் பதிவை யார் மாற்றினாலும் அந்த மாற்றத்தையும் தேதியையும் தானே குறித்து வைக்கிற மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த வசதியை அணைக்கவும் முடியக் கூடாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டமும், மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது, அது மாறாமல் இருக்கிறது என்பதற்கு, கோப்பின் விரல்ரேகை போன்ற ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் கேட்கிறது. டீசல் பில்லுக்கு இவ்வளவு கண்டிப்பு இருக்கும்போது, அந்த டீசல் எதற்குச் செலவானது என்று சொல்லும் பதிவு மட்டும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையில் இருப்பது பொருந்தவில்லை.

சரி, தூரத்தையாவது எந்திரம் பிசகாமல் அளக்கிறதா? இங்கே வாங்குபவர்கள் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. வண்டியின் ஓடோமீட்டர் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை எண்ணுகிறது. புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் சுற்றளவு ஒன்றல்ல. 300 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் 2 சதவீத வித்தியாசம், அதாவது 100 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டும். ஜிபிஎஸ் அளப்பது வேறு விதம். குறிப்பிட்ட இடைவெளியில் வண்டி நிற்கும் புள்ளியைக் குறித்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துத் தூரம் சொல்கிறது. நேரான நெடுஞ்சாலையில் பழுதில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் நினைத்துப் பாருங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் வண்டி ஒரு நிமிடத்தில் 330 மீட்டர் தாண்டிவிடும். கருவி நிமிடத்துக்கு ஒரு புள்ளிதான் வைக்கிறது என்றால், இடையில் வண்டி வளைந்து திரும்பியதைப் பதிவு பார்க்கவே பார்க்காது. வளைவின் இரு முனையையும் நேராக வெட்டிக் கணக்குப் போட்டுவிடும். ஏறிய தூரத்தைவிடக் குறைவாகவே வரும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இதற்கு நேர் எதிர்ப் பிழை. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, தகரக் கூரைக்கு அடியில், புள்ளி சில மீட்டர் அங்கும் இங்கும் அலையும். நல்ல மென்பொருள் அதை வடிகட்டும். சுமாரான மென்பொருள் அதையும் ஓட்டமாகக் கூட்டிக்கொள்ளும். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் செருகும் கருவிகள் எல்லாமே ஓடோமீட்டர் எண்ணை நேரடியாகப் படிப்பதில்லை. பல வண்டிகளில் அந்த எண் அந்த வழியாகக் கிடைக்காது. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கித்தான் தூரத்தைக் கணக்கிடும். டிரைவரின் செல்போன் செயலிக்கு வேறு சிக்கல்: பேட்டரி மிச்சப்படுத்துகிறேன் என்று போனே அதைத் தூங்க வைத்துவிடும், டிரைவர் வேறு வண்டிக்கு மாறினால் பதிவு பழைய வண்டியின் பெயரிலேயே தொடரும். ஆகவே எந்தக் கருவியாக இருந்தாலும் மாதம் ஒருமுறை ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து ஏற்றி, பதிவான தூரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒளிக்காமல் காட்டும் வசதி வேண்டும். வித்தியாசம் இருப்பது குற்றமில்லை. அதை மறைக்கிற பதிவைத்தான் நம்ப முடியாது. சுங்கச்சாவடியைத் தாண்டியிருந்தால் ஃபாஸ்டாக் கணக்கில் தேதியும் நேரமும் இருக்கும். வேலூர் போனதாக எழுதிய நாளில் வழியில் எந்தச் சாவடியிலும் பணம் கழியவில்லை என்றால் கேட்க வேண்டியதுதான்.

தூரத்தை எந்திரம் எழுதலாம், காரணத்தை மனிதர்தான் எழுத வேண்டும். நடைமுறையில் பல நிறுவனங்களில் இந்த ஏற்பாடு படுப்பது இங்கேதான். வண்டியை நிறுத்தியதும் பத்து கட்டங்களை ஆங்கிலத்தில் நிரப்பச் சொன்னால், களைத்து இறங்கும் டிரைவர் நிரப்ப மாட்டார். வாரக் கடைசியில் ஆபீஸ் பையன் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ‘கஸ்டமர் விசிட்’ என்று போட்டுவிடுவான். கையால் எழுதிய ‘லோக்கல், மேற்படி, மேற்படி’ கணினிக்குள் குடியேறியதுதான் மிச்சம். திரை தமிழில் இருக்க வேண்டும். வழக்கமாகப் போகும் குடோன், பேங்க், பார்ட்டி கடை ஆகியவை முன்கூட்டியே பட்டியலில் இருந்து, ஒரு தொடலில் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். புது இடமென்றால் குரலில் சொல்லிப் பதிய முடிந்தால் இன்னும் நல்லது. காரணம் எழுதாத பயணம் இரண்டு நாளில் சிவப்பில் தெரிய வேண்டும். பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால், வரைபட அழகைவிட இந்த ஒரு திரையில்தான் போடச் சொல்வேன்.

இரண்டே வண்டி வைத்திருக்கிற எங்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பக்க எண் அச்சிட்ட, தையல் போட்ட நோட்டு ஒன்று, ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் எழுதி, அடித்தல் திருத்தல் இருந்தால் அதில் கையெழுத்துப் போடும் பழக்கம் — இது இருந்தால் இரண்டு வண்டிக்குப் போதும். எக்செல்லைவிட அந்த நோட்டு மேலான சாட்சி. வண்டி பத்து, பதினைந்து என்று ஏறி, ஒரே வண்டியை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டும்போதுதான் நோட்டு திணறும். இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கனமானது: நம்பிக்கை இல்லாமல்தானே கருவி வைக்கிறார்கள், வேலை முடிந்த பிறகும் ஒரு மனிதன் எங்கே போகிறான் என்று முதலாளி பார்த்துக்கொண்டிருப்பது சரியா என்று டிரைவர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் கேட்கிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017இல் சொல்லியிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமும் வந்திருக்கிறது. பேருந்து, டாக்சி போன்ற மஞ்சள் போர்டு வண்டிகளில் இடங்காட்டும் கருவியையும் அவசரப் பொத்தானையும் சட்டம் கேட்பது பயணிகளின் பாதுகாப்புக்காக. வெள்ளை போர்டு நிறுவனக் காருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. இதற்கும் ஜெர்மானியர்கள் வழி கண்டிருக்கிறார்கள்: சொந்தப் பயணத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும் போதும், எங்கே, யாரைப் பார்க்க என்று அவர்கள் பதிவேடு கேட்பதே இல்லை. அப்படி ‘சொந்தம்’ என்று அழுத்தியதும் பாதையை மறந்துவிட்டுத் தூரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையைத்தான் வாங்க வேண்டும். அந்தப் பொத்தான் இல்லாத கருவியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம்பிக்கை பற்றிய கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. நேர்மையான பதிவு டிரைவரையும் காக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டிய பேட்டா, கூடுதலாக ஓடிய கிலோமீட்டர், நான் அந்தப் பக்கமே போகவில்லை என்ற மறுப்பு, எல்லாவற்றுக்கும் அவர் கையில் ஆதாரம் இருக்கும். அதற்கு அவருடைய பதிவை அவரே தன் போனில் பார்க்க முடிய வேண்டும். முதலாளி திருத்தினாலும் அவருக்குத் தெரிய வேண்டும்.

பதிவை எத்தனை வருடம் காப்பாற்ற முடியும் என்பதும் வாங்கும்போதே கேட்க வேண்டியது. கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான ஆதாரங்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மென்பொருள் விற்பவர் 8 வருடம் கடையை மூடாமல் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. சந்தா நின்ற மறுநாள் பழைய பதிவெல்லாம் பூட்டிக்கொள்ளும் சேவைகளும் இருக்கின்றன. ஆண்டுதோறும் முழுப் பதிவையும், திருத்த வரலாறோடு சேர்த்து, சாதாரணக் கணினியில் திறக்கும் கோப்பாக எடுத்துத் தனியே வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் இரண்டு வண்டிகளில் ஓட்டிப் பாருங்கள்; ஒன்று ஊருக்குள் சுற்றுவதாகவும் மற்றொன்று வெளியூர் போவதாகவும் இருக்கட்டும். முதல் நாளும் கடைசி நாளும் ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள். பிறகு விற்க வந்தவரை எதிரில் உட்கார வைத்து, நேற்றைய பயணம் ஒன்றின் தூரத்தை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு, பழைய எண் எது, யார் மாற்றினார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று திரையில் தெரிந்தால் விலை பேசுங்கள். தெரியவில்லை என்றால், அந்தப் பணத்துக்குத் தையல் போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.