தண்டுவட மரப்பு நோய்க்கு வெளிநாட்டில் சிகிச்சை பெறுதல்

தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்.) உள்ளவர்கள், தம் நாட்டில் கிடைக்காத அல்லது மறுக்கப்பட்ட ஒரு சிகிச்சையைத் தேடிச் சொந்தச் செலவில் வேறு நாட்டுக்குச் செல்வது 2009-க்குப் பின் பெரிதும் பேசப்பட்டது. இவ்வாறு நாடப்பட்ட சிகிச்சைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கழுத்துச் சிரைகளை விரிவாக்கும் சிகிச்சை. பின்னாளில் இது பயனற்றது என நிறுவப்பட்டது. மற்றொன்று நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களைக் கொண்டு செய்யப்படும் மாற்று சிகிச்சை. இது குறிப்பிட்ட சில நோயாளிகளுக்குப் பயன் தருகிறது. இவற்றைத் தேடிப் புறப்பட்டவர்கள் ஒரே வகையான நம்பிக்கையுடன், ஒரே வழிகளில் பணம் திரட்டிச் சென்றனர். முடிவுகள் மட்டும் வேறுபட்டன.

நோயின் தன்மை

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளை மையலின் என்னும் உறை மூடியுள்ளது. மின்கம்பியின் மேலுள்ள காப்புறை போன்றது இது. எம்.எஸ். நோயில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த உறையைத் தாக்குகிறது. பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், நடை தளர்தல், கடும் சோர்வு, சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இருமடங்குக்கு மேல் வருகிறது. பன்னாட்டு எம்.எஸ். கூட்டமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது.

நோய் இரு விதமாகச் செல்லும். ஒன்றில் தாக்கம் வந்து தணிந்து, மீண்டும் வரும். மற்றதில் இடைவிடாமல் மெல்ல மெல்லக் கூடும். முதல் வகைக்கு 1993-இல் அமெரிக்காவில் இன்டர்பெரான் ஊசி மருந்து ஒப்புதல் பெற்றது; பின்னர் பல மருந்துகள் வந்தன. இடைவிடாமல் கூடும் வகைக்கு முதல் மருந்தான ஒக்ரெலிசுமாப் 2017-இல்தான் அங்கு ஒப்புதல் பெற்றது. அதுவரை அவ்வகை நோயாளிகளிடம் மருத்துவர்கள் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. வெளிநாடு செல்லும் எண்ணம் வலுத்ததற்கு இந்த வெற்றிடமே முதன்மைக் காரணம்.

சிரை விரிவாக்கச் சிகிச்சை

இத்தாலியின் பெராரா பல்கலைக்கழக இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பவுலோ சம்போனி, கழுத்திலும் மார்பிலும் உள்ள சிரைகள் குறுகுவதால் மூளையிலிருந்து இரத்தம் வடிவது தடைப்பட்டு எம்.எஸ். உண்டாகலாம் எனக் கருதினார். குறுகிய இடத்தில் பலூனைச் செலுத்தி விரித்தால் நோய் தணியும் என்று 2009-இல் 65 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். அதில் ஒப்பீட்டுக்குச் சிகிச்சை பெறாத குழு இல்லை; யாருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் கனடாவின் சிடிவி தொலைக்காட்சி இதை ஒளிபரப்பியதும் அந்நாட்டு நோயாளிகளிடையே பேரெதிர்பார்ப்பு எழுந்தது. எம்.எஸ். மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் கனடா ஒன்று. உள்நாட்டில் இச்சிகிச்சை அளிக்கப்படாததால் நோயாளிகள் போலந்து, மெக்சிகோ, கோஸ்டாரிக்கா, இந்தியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர்.

2012 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இச்சிகிச்சையால் இறப்பு, பக்கவாதம், இரத்தக்கட்டி, பொருத்திய குழாய் இடம்பெயர்தல் ஆகியவை நேர்ந்துள்ளதாக எச்சரித்தது. அதே ஆண்டில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண அரசு, தன் நோயாளிகள் அமெரிக்காவின் ஆல்பனி நகர ஆய்வில் சேர 22 லட்சம் டாலர் ஒதுக்கியது. போதிய நோயாளிகள் கிடைக்காததால் அந்த ஆய்வு 2013-இல் கைவிடப்பட்டது.

கனடாவில் 104 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017 மார்ச்சில் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உண்மையான சிகிச்சையும், மற்றவர்களுக்குப் பலூனை விரிக்காத போலிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. இரு குழுவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. அதே ஆண்டு நவம்பரில் சம்போனி தாமே தலைமையேற்ற இத்தாலிய ஆய்வும் இச்சிகிச்சை பயன் தரவில்லை என்று முடிவுகூறியது. சிகிச்சைக்குப் பின் நலமடைந்ததாகச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. எம்.எஸ். தானாகவே தணிந்து எழும் நோய். எதிர்பார்ப்பும் சில காலம் உடலுக்குத் தெம்பளிக்கும். இவற்றைப் பிரித்தறியவே போலிச் சிகிச்சைக் குழு தேவைப்படுகிறது.

குருத்தணு மாற்று சிகிச்சை

இது இரத்தப் புற்றுநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. எம்.எஸ். நோய்க்கு முதன்முதலில் 1995-இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் செய்யப்பட்டது. முதலில் மருந்து கொடுத்து எலும்பு மச்சையிலுள்ள குருத்தணுக்களை இரத்தத்துக்கு வரச்செய்து, பிரித்தெடுத்து உறையவைப்பர். பின்னர் வலிமையான கீமோதெரபி மருந்துகளால் பழைய நோய் எதிர்ப்பு அணுக்களை அழிப்பர். அதன்பின் சேமித்த குருத்தணுக்களை நோயாளிக்கே திருப்பிச் செலுத்துவர். புதிய எதிர்ப்பு அணுக்கள் உருவாகும்வரை நோயாளி தனியறையில் இருக்க வேண்டும். இங்கு நோயைத் தடுப்பது கீமோதெரபியே. குருத்தணுக்கள் சிதைந்த நரம்பைச் சீராக்குவதில்லை; இரத்த அணுக்களை மீண்டும் உண்டாக்குகின்றன. ‘குருத்தணு ஊசி போட்டால் நரம்பு வளரும்’ எனும் விளம்பரங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

2016-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஒட்டாவா ஆய்வில், 24 பேரில் சிகிச்சைக்குப் பின் எவருக்கும் புதிய தாக்கம் வரவில்லை. ஆனால் ஒருவர் சிகிச்சையின் விளைவாக இறந்தார். சிகாகோ, ஷெபீல்டு, உப்சாலா, சாவோ பாவுலோ ஆகிய நான்கு நகரங்களில் 110 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் மருந்து பெற்ற குழுவில் 34 பேருக்கு நோய் முற்றியது. மாற்று சிகிச்சை பெற்ற குழுவில் 3 பேருக்கு மட்டுமே முற்றியது. எனினும் ஒப்பிடப்பட்டவற்றில் ஒக்ரெலிசுமாப் போன்ற புதிய மருந்துகள் இல்லை.

தாக்கம் அடிக்கடி வரும், நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன, நடக்க முடிகிற இளவயதினருக்கே பயன் அதிகம். நெடுங்காலமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பயன் குறைவு, ஆபத்து மிகுதி. கருவுறும் திறன் பாதிக்கப்படலாம் என்பதால் கருமுட்டை அல்லது விந்தணுவை முன்கூட்டியே சேமிக்க வேண்டும்.

உள்நாட்டில் தகுதி பெறாதவர்களும் காத்திருக்க முடியாதவர்களும் மாஸ்கோவின் பிரகோவ் மருத்துவ மையத்துக்கும், மெக்சிகோவின் புவேப்லா நகருக்கும் சென்றனர். 2016 ஜனவரியில் பிபிசி ‘பனோரமா’ நிகழ்ச்சி ஷெபீல்டு நோயாளிகளைக் காட்டியபின் பிரித்தானியாவில் இந்த நாட்டம் அதிகரித்தது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் மேற்கு நாடுகளிலிருந்து ரஷ்யாவுக்கு நேரடி விமானமும் வங்கிவழிப் பணப் பரிமாற்றமும் தடைப்பட்டன.

செலவும் நிதி திரட்டலும்

2010-களின் பிற்பகுதியில் மாற்று சிகிச்சைக்கான கட்டணம் சுமார் 50 ஆயிரம் அமெரிக்க டாலர் அளவில் இருந்தது. விமானப் பயணம், துணைக்குச் செல்பவரின் தங்குமிடம், இழந்த ஊதியம், திரும்பியபின் ஆகும் பரிசோதனைகள், மீண்டும் போடவேண்டிய தடுப்பூசிகள் ஆகியவை கூடுதல். பணம் பொதுவாகப் பின்வரும் வழிகளில் திரட்டப்படுகிறது.

அரசு நிதி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், புறப்படுவதற்கு முன்பே உள்ளூர் மருத்துவர் வழியாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். சிகிச்சை பரிசோதனை நிலையில் இருக்கக் கூடாது. சென்று திரும்பியபின் ரசீதைக் கொடுத்துப் பணம் கேட்க இயலாது. தமிழர் மிகுதியாக வாழும் மாகாணம் என்பதால் இது நினைவில் கொள்ளத்தக்கது.

மருத்துவ ஆய்வில் சேர்தல்: தகுதி இருந்தால் ஆய்வுச் சிகிச்சைக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் ‘ஆய்வு’ ஐயத்துக்குரியது.

பொதுமக்கள் நன்கொடை: கோபண்ட்மீ போன்ற தளங்களிலும், ஊர் நிகழ்ச்சிகளிலும் திரட்டப்படுகிறது. தேவையான தொகையின் விவரம், பயண நாள், மீதிப் பணம் எதற்குச் செல்லும் என்பவற்றை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. நன்கொடை கொடுத்தவர்களை ஏமாற்றக் கூடாது என்ற எண்ணம், சிகிச்சை வேண்டாம் என மனம் மாறியபின்னும் சிலரைப் புறப்படத் தூண்டும். ‘செல்லாவிட்டால் திருப்பித் தருவோம்’ என்ற ஒரு வரி அந்த நெருக்கடியைத் தவிர்க்கும். பிரித்தானியாவில் 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு உள்ளவருக்கு யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை கிடைக்காது. ஆதலால் நன்கொடையைச் சொந்தக் கணக்கில் வைக்குமுன் விசாரிக்க வேண்டும்.

வீட்டை அடகு வைத்தல், ஓய்வூதியச் சேமிப்பை எடுத்தல்: சிகிச்சை பலித்தாலும் மருந்து, உடற்பயிற்சி சிகிச்சை, வீட்டில் கைப்பிடி அமைத்தல் போன்ற செலவுகள் பல ஆண்டுகளுக்குத் தொடரும். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் செலவழித்த குடும்பத்துக்கு அதன்பின் கைப்பொருள் இராது.

இந்தியாவிலிருந்து அனுப்புவோர் ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒரு நிதியாண்டில் ஒருவர் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம்.

புறப்படுமுன் கேட்க வேண்டியவை

- என் நோய் எந்த வகை, இச்சிகிச்சை அவ்வகைக்கு ஆய்வில் பலித்ததா?
- உள்நாட்டில் கிடைக்கும் வலிமையான மருந்துகள் அனைத்தும் முயலப்பட்டனவா?
- அந்த மையத்தில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்தனர், எத்தனை பேர் இறந்தனர்?
- தகுதியில்லை என்று யாரையாவது திருப்பி அனுப்பியதுண்டா?
- சிக்கல் வந்து தங்கும் நாட்கள் நீண்டால் அச்செலவு யாருடையது?
- திரும்பியபின் என்னைக் கவனிக்க உள்ளூர் மருத்துவர் சம்மதித்துள்ளாரா?

கடைசிக் கேள்வி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. சிரை விரிவாக்கத்துக்குச் சென்று திரும்பிய கனடியர் சிலருக்கு, பொருத்திய குழாயில் இரத்தம் உறைந்தபோது உள்நாட்டில் தொடர் கவனிப்புப் பெறுவதே சிக்கலானது. குருத்தணு மாற்று செய்தவர்களுக்கும் முதல் சில மாதங்கள் தொற்று அபாயம் உள்ளது; அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை. வெளிநாட்டு மருத்துவமனை தரும் முழு அறிக்கையையும் மருந்துப் பட்டியலையும் கையோடு வாங்கிவருவதும், புறப்படுமுன் தம் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதும் இன்றியமையாதவை. அவர் அப்பயணத்தை ஏற்காதவராக இருந்தாலும், திரும்பியபின் பார்க்கப்போகிறவர் அவரே.