தோட்டப்புறக் கடையும் பற்றுக் கொப்பியும்: தொற்றுக் காலம் காட்டிய சட்டச் சிக்கல்கள்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடளாவிய ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. பெருந்தோட்ட வேலைகளுக்கு அரசாங்கம் விதிவிலக்கு அளித்ததால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பதும் பால் வெட்டுவதும் முற்றாக நின்றுவிடவில்லை. ஆனால் தோட்டத்து மக்களால் டவுனுக்கு இறங்கிவர முடியவில்லை. இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை போன்ற இடங்களின் பலசரக்குக் கடைகளுக்கு இதன் பொருள் ஒன்றுதான். சாமான் போக வேண்டும், காசு பிறகு வரும்.

தொற்றுக் காலத்தில் எமது வர்த்தகர்கள் பயந்தது சுகாதாரப் பரிசோதகருக்கும் பொலிசாருக்குமே. உண்மையான நட்டம் வேறிடத்தில் இருந்தது. கடைக்காரர் தன்னுடைய கடனைக் கொப்பியில் வாங்குகிறார். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குத் தன் கடனைக் காசோலையில் கொடுக்கிறார். சட்டம் இந்த இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

வழக்குத் தொடரும் கால எல்லை பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, விற்று ஒப்படைத்த பொருட்களுக்கான பணம், கடை பில், பற்றுக் கொப்பிக் கடன் ஆகியவற்றுக்குக் கடன் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். காசோலைக்கும் எழுத்திலான உடன்படிக்கைக்கும் ஆறு ஆண்டுகள். அதாவது 2020 ஏப்ரலில் கொடுத்த அரிசிக்கும் மாவுக்கும் மே மாதச் சம்பளத்தில் காசு தருவதாகப் பேச்சு என்றால், 2021 மே மாதத்துடன் அந்தக் கடனுக்கு நீதிமன்றக் கதவு சாத்தப்படும். அதே அரிசிக்காக நீங்கள் கொடுத்த காசோலையோ இன்னும் ஐந்து வருடம் உங்களைத் துரத்தலாம். கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதியிருந்தால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் அது குற்றமுமாகும்.

2021 ஆகஸ்டில் நிறைவேறிய கொவிட்-19 தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் (2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம்) 2020 மார்ச் 1 முதலான காலத்துக்கு ஒரு நிவாரணம் தந்தது உண்மை. ஆயினும் அது தானாகக் கிடைக்கும் சலுகை அல்ல. குறித்த காலத்துக்குள் செய்ய முடியாமல் போனதற்குத் தொற்றுச் சூழ்நிலையே காரணம் என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். அடுத்த தொற்றுக்கு அப்படியொரு சட்டம் வருமென்று நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

அடுத்தது விலை. 2020 மார்ச் 17 நள்ளிரவு முதல் மைசூர் பருப்பு கிலோ 65 ரூபா, 425 கிராம் டின்மீன் 100 ரூபா என அதிகபட்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. கிலோ 120 ரூபாவுக்கு வாங்கிய 50 கிலோ மூடை ஒன்று கடையில் இருந்தது என வைத்துக்கொள்வோம். விற்றால் 2,750 ரூபா நட்டம். கூட்டி விற்றால் குற்றம். பழைய சரக்கு என்பது அதற்கு விடையல்ல. சரி, விற்காமல் வைப்போம் என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 15 முதல் 17 வரையான பிரிவுகள் விற்க மறுப்பதையும், இருப்பை இல்லையென்பதையும், பதுக்குவதையும் தடை செய்கின்றன. அதிகபட்ச விலை சில்லறைக்காரரின் கையைத்தான் கட்டியது, அவருக்கு மேலே இருந்தவரின் கையை அல்ல. இது நியாயமற்றது என்பதே எமது கருத்து. எனினும் 2021 செப்டெம்பரில் நிறைவேறிய திருத்தத்துக்குப் பின் இக்குற்றத்துக்குத் தண்டம் தனிநபருக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரை, கம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை. தோட்டத்துக் கடையொன்றை மூடிவிட அது போதும்.

மஞ்சள் கதை எல்லோருக்கும் தெரியும். இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2020 ஏப்ரலில் கிலோ 750 ரூபா என விலை விதிக்கப்பட்டது, சந்தையில் அது ஆயிரங்களில் போனது. மாக் கலந்த தூள் பரவலாகப் பிடிபட்டது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கலப்படப் பொருளை விற்பதே குற்றம். யாரிடம் வாங்கினேன் என்று காட்ட ஒரு பில்லாவது இல்லாதவருக்குப் பேச வாயில்லை.

லொறி விஷயமும் உண்டு. 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தை மூடப்பட்டதையடுத்து மாவனல்லை, ருவன்வெல்ல, எஹலியகொட பொலிஸ் பிரிவுகளும் முடக்கப்பட்டன. வழியில் அழுகும் மரக்கறி யாருடைய நட்டம்? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லாவிட்டால், உரிமை யாருக்கு மாறிவிட்டதோ அவருடையது. சரக்கு இன்னும் லொறியில் இருப்பது கணக்கில்லை. "கடை வாசலில் இறக்கிய பின்பே பொறுப்பு என்னுடையது" என்று ஓடரிலேயே ஒரு வரி எழுதிக்கொள்வது பெரிய வேலையல்ல.

கொப்பிக்கு வருவோம். கடன்பட்டவர் தொகையை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே மாத முடிவில் மீதியை எழுதி, திகதியிட்டு, கையொப்பம் வாங்குங்கள். கிடைக்கும் 500 ரூபாவையும் அவர் கையொப்பத்துடனேயே வரவு வையுங்கள். பெரிய தொகைக்குக் கடனுறுதிச் சீட்டு எழுதிக்கொள்ளலாம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பது பற்றியதாயிருக்க, கையொப்பம் கேட்க எமக்கேன் வெட்கம்? தெரிந்த குடும்பம், மூன்று தலைமுறைப் பழக்கம் என்பார்கள். அந்தப் பழக்கம் முறியாமலிருக்கவும் இதுவே வழி, ஏனெனில் இரு தரப்புக்கும் ஒரே கணக்குத்தான் இருக்கும்.

சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் அங்கே சான்றிதழ் பெற்ற பின்பே வழக்கு. அதற்கும் நாட்கள் பிடிக்கும். பன்னிரண்டாம் மாதம்வரை காத்திருக்காமல், எட்டாம் ஒன்பதாம் மாதத்திலேயே கொப்பியுடன் சட்டத்தரணி ஒருவரைக் காணுங்கள்.