உங்களுக்குத் தெரியுமா? சமத்துவச் சட்டம் வந்தது, பெண் பயிற்றுநர்கள் குறைந்தார்கள்

திருகோணமலையில் அடுத்த தடவை மாணவிகளின் வலைப்பந்துப் போட்டி பார்க்கப் போனால், கோட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்கும் பயிற்றுநர் ஆணா பெண்ணா என்று கவனியுங்கள்.

1972இல் அமெரிக்காவில் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. அரச நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால்வழிப் பாகுபாடு கூடாது என்றது. கல்லூரி மைதானங்களில் மாணவிகள் பல மடங்கு பெருகினார்கள். பெரிய வெற்றிதான் அது. ஆனால் அதுவரை பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்துவந்தார்கள். 1978இல் அது 58 ஆனது, 2014இல் 43.

ஏன்? பெண்கள் சம்பளமின்றியோ சொற்பத்துக்கோ பார்த்த வேலைக்குப் பணமும் மதிப்பும் வந்தன, ஆண்களும் விண்ணப்பித்தார்கள். தனித்தனியாக இயங்கிய ஆண், பெண் விளையாட்டுத் துறைகள் ஒன்றானபோது தலைமை நாற்காலி பெரும்பாலும் ஆணுக்கே போனது. ஆள் எடுப்பதும் அவர் கைக்குப் போயிற்று. இதில் எனக்கு மிகவும் வலிப்பது, பெண்களே கட்டி நடத்திய கல்லூரி விளையாட்டுச் சங்கமான ஏ.ஐ.ஏ.டபிள்யூவின் முடிவு. ஆண்கள் போட்டிகளை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. பெண்கள் போட்டிகளையும் ஏற்றதும், 1980களின் தொடக்கத்திலேயே அந்தப் பெண்கள் சங்கம் மூடப்பட்டது.

ஆண்கள் அணிகளைப் பயிற்றுவித்த பெண்களோ, 2014இலும் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.