அந்தியிலும் இருளிலும் தெரியும் அங்கி
(அறுவடைக் காலத்தில் சாலையில் செல்வோருக்கு)

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை மும்முரமாகும்போது காவிரிப் பாசனப் பிரதேசத்துச் சாலைகளில் இரவு பகல் என்ற வித்தியாசம் இருப்பதில்லை. அறுவடை இயந்திரங்கள் ஒரு கிராமத்தில் வேலையை முடித்துக்கொண்டு, பெரும்பாலும் இரவு வேளையிலேயே அடுத்த கிராமத்திற்குப் புறப்படுகின்றன. நெல் மூட்டைகளையும் வைக்கோலையும் ஏற்றிய டிராக்டர்கள் அவற்றின் பின்னே செல்கின்றன. கூலிக்குச் செல்லும் பெண்கள் பொழுது புலருமுன், பனி மூட்டம் விலகாத சாலையோரத்தில், ஒருவர்பின் ஒருவராய் நடந்து போகிறார்கள். விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் இதே பருவத்தில் கரும்பு ஏற்றிய வண்டிகளும் ஆலைகளை நோக்கி நகர்கின்றன. இவர்களுக்கு வயலில் உள்ள அபாயங்களைப் பற்றி இம்மாதிரிப் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. வயலை விட்டுச் சாலையில் கால் வைத்தபின் நேரும் அபாயத்தைப் பற்றி எழுதப்படுவது குறைவு.

அவ்வபாயத்தின் காரணம் மிகச் சாதாரணமானது. பின்னால் வரும் பஸ் அல்லது லாரியின் ஓட்டுநர் கண்ணுக்கு இவர்கள் தெரிவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் கடக்கிறது. எதிரே ஏதோ இருப்பதைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கே இரண்டரை விநாடி ஆகுமென்று சாலை அமைப்போர் கணக்கிடுகிறார்கள். அவ்வேகத்தில் வரும் வண்டி பத்திரமாக நிற்பதற்கு 80 மீட்டரும், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகமாயின் 120 மீட்டரும் தேவை என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள அளவு. ஆனால் தாழ்த்தி எரியும் முன்விளக்கின் வெளிச்சத்தில் கருநீலச் சட்டையோ பழுப்புப் புடவையோ அணிந்தவர் பெரும்பாலும் 50 மீட்டருக்கு உள்ளாகவே கண்ணில் படுகிறார். ஓட்டுநர் எவ்வளவு யோக்கியமானவராயினும், இந்தக் கணக்கில் உள்ள பற்றாக்குறையை அவரால் சரிக்கட்ட இயலாது.

வெள்ளை வேட்டி போதாதா என்று குடியானவர்கள் கேட்பதுண்டு. கறுப்பைவிட வெள்ளை மேலானதுதான். ஆயினும் வெள்ளைத் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகிறது. ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்பி வருவது சொற்பமே. அன்றியும், சேற்று வயலிலிருந்து கரையேறுபவருடைய வேட்டி முழங்காலுக்குக் கீழே எந்த நிறத்தில் இருக்குமென்பதை உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாலை வேலையாட்களும் ரயில் பாதை வேலையாட்களும் அணியும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பசுமஞ்சள் அங்கியை இப்போது எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதில் இரண்டு தனித்தனிச் சாதனங்கள் சேர்ந்துள்ளன. இதை அறியாமல் அங்கி வாங்குபவர் பாதிப் பயனையே அடைவார். முதலாவது, துணியின் வர்ணம். இது ஊதாவுக்கு அப்பாற்பட்ட, கண்ணுக்குத் தெரியாத கிரணங்களையும் நீலக் கிரணங்களையும் உட்கொண்டு, அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றி வெளியிடுகிறது. ஆதலால் மேகம் மூடிய நாளிலும், விடியற்காலையிலும், அந்தியிலும் இது தானே எரிவதுபோல் தோன்றுகிறது. ஆனால் இரவில், விளக்கு வெளிச்சத்தில் இக்கிரணங்கள் போதாமையால், இந்த வர்ணத்தால் விசேஷப் பயனில்லை. இரண்டாவது சாதனம், துணிமேல் தைத்துள்ள வெள்ளிநிறப் பட்டை. அதில் மணலினும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ, சிறு முப்பட்டைக் கட்டங்களோ பதிந்துள்ளன. அவை தம்மேல் விழும் ஒளியைச் சிதறவிடாமல் வந்த வழியே திருப்பியனுப்புகின்றன. முன்விளக்குக்குச் சற்று மேலே அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அப்பட்டை நெருப்புக்கோடு போல் தெரிகிறது. பக்கத்தில் நிற்பவருக்கோ வெறும் சாம்பல்நிறத் துணியாகவே இருக்கிறது. பகலுக்கு வர்ணமும் இரவுக்குப் பட்டையும் வேண்டும். பட்டையில்லாத ஆரஞ்சுப் பனியனை இரவுக் காவலுக்கு வாங்கிக் கொடுப்பது வீண்.

இரவில் மாட்டின் கண் விளக்கொளியில் மின்னுவதும் ஏறக்குறைய இப்படித்தான். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. மனிதனுக்கு அது இல்லை. சாலை நடுவே பதிக்கும் கண்ணாடிக் குமிழை இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர் 1934இல் பதிவு செய்தபோது அதற்குப் 'பூனைக் கண்' என்ற பெயரே வழங்கியது. வண்டி மாட்டுக்கு இந்தப் பாதுகாப்பு முன்புறத்தில்தான் இருக்கிறது. மோதும் லாரியோ பின்புறமாக வருகிறது.

வர்ணத்தின் கதைக்கு ஒரு தக்காளி வண்டியும் காரணம். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்விட்ஸர் என்ற இளைஞர் 1933இல் தக்காளிப் பெட்டிகளை இறக்கும் வேலையில் விழுந்து தலையிலும் கண்ணிலும் அடிபட்டு, இருட்டறையில் இருக்கும்படியாயிற்று. அக்காலத்தில் அவரும் சகோதரர் ஜோசப்பும் ஒளிரும் பொருள்களை ஆராயத் தொடங்கினர். அதிலிருந்து இவ்வர்ணங்கள் பிறந்தன. 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மின்சார ரயில்கள் ஓடிய பாதையில் வேலை செய்தவர்களுக்கு ஆரஞ்சு அங்கி கொடுத்துப் பரீட்சித்தார்கள். அதன்பின் இவ்வழக்கம் பரவி, விதியாகவே மாறிற்று. அமெரிக்காவில் மத்திய அரசாங்கத்தின் உதவி பெறும் நெடுஞ்சாலைகளில் வேலை செய்வோர் யாவரும் 2008 நவம்பர் முதல் இதை அணிந்தே தீரவேண்டும். இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனமும் இவ்வங்கிகளுக்கென ஐ.எஸ். 15809 என்ற தரத்தை 2008இல் வெளியிட்டது.

சர்வதேசத் தரமாகிய ஐ.எஸ்.ஓ. 20471 இவ்வுடைகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் வகுப்பே மிக உயர்ந்தது. அதில் ஒளிரும் துணி 0.80 சதுர மீட்டரும், பட்டை 0.20 சதுர மீட்டரும் குறையாமல் இருக்கவேண்டும். மார்பு மூடியிருப்பதோடு கையோ காலோ நீண்டிருத்தல் அவசியம். இரண்டாம் வகுப்புக்கு 0.50, 0.13 சதுர மீட்டர். முதல் வகுப்புக்கு 0.14, 0.10. பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. கையில்லாத அங்கி எவ்வளவு நல்லதாயினும் தனித்து மூன்றாம் வகுப்பில் சேராது. உள்ளே தைத்துள்ள சீட்டில் தரத்தின் எண்ணும், வகுப்பும், எத்தனை சலவை தாங்கும் என்பதும் அச்சிட்டிருக்கும். சீட்டே இல்லாத அங்கிகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் பட்டை சில சமயம் வெறும் சாம்பல்நிறத் துணியாகவே இருந்துவிடுகிறது.

வாங்குமுன் இதைச் சோதிப்பது எளிது. இருட்டியபின் அங்கியை ஒரு வேலியில் மாட்டி, ஐம்பது அறுபது தப்படி விலகி நின்று, கைவிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப் பொட்டோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்கவேண்டும். நல்ல பட்டை பளீரென்று மின்னும். விளக்கை இடுப்பளவில் பிடித்துப் பார்த்தால் நல்ல பட்டையும் மங்கலாகத் தோன்றும். ஒளி விளக்குக்கே திரும்புகிறதேயன்றிக் கண்ணுக்கு வருவதில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, பின்னணிக்கு மாறான நிறமே தக்கது. பச்சைப் பயிருக்கும் மரங்களுக்கும் இடையே பசுமஞ்சள் அங்கி ஓரளவு கலந்துபோகக் கூடும். அங்கே செவ்வாரஞ்சு தனித்து நிற்கும்.

இனி, அங்கியை மட்டும் நம்புவதில் ஒரு குறை உண்டு. உழவுத் தொழிலாளி வெறுங்கையாய் நடப்பது அபூர்வம். வைக்கோல் கட்டோ, புல்லுக்கட்டோ, கரும்புக் கட்டோ தலையில் இருந்தால் அது தோளையும் முதுகையும் மூடிவிடும். தோளில் போட்ட துண்டு பட்டையை மறைக்கும்; புடவைத் தலைப்பும் அப்படியே. ஆகவே கணுக்காலில் கட்டும் பட்டை இவர்களுக்கு அங்கியைவிட அதிகம் உதவும் என்றே சொல்லலாம். தாழ்த்தி எரியும் விளக்கின் ஒளி முதலில் படுவதும் காலின்மேல்தான். ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ அறிஞர் குன்னர் யோஹான்ஸன் 1973இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்: இருட்டில் ஒரு மனிதனின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து அவனை நடக்கவிட்டால், பார்ப்பவர் உடனே அது மனிதன் நடப்பது என்று கண்டுகொள்கிறார். அசையாத பட்டை ஒரு கல்லாகவோ கம்பமாகவோ ஓட்டுநருக்குத் தோன்றக்கூடும்; மாறி மாறி அசையும் இரண்டு கணுக்கால்களை அப்படி எண்ண வழியில்லை. வயல் வேலைக்குப் பெண்கள் புடவைமேல் அணியும் ஆண்கள் சட்டையின் இரு கை முனைகளிலும் முதுகிலும் இப்பட்டையைத் தைத்துவிட்டால் தனியாக அங்கி சுமக்கும் சிரமமும் இல்லை.

அறுவடை இயந்திரத்தின் முன்னே வழிகாட்டி நடப்பவனுடைய நிலைமை வேறு. இயந்திரத்தின் பெரிய விளக்குகள் அவன் முதுகுக்குப் பின்னால் எரிகின்றன. எதிரே வரும் ஓட்டுநருக்குக் கண் கூசுகிறது. அக்கூச்சத்தில் நடுவே நிற்பவன் அணிந்த பட்டை எவ்வளவு மின்னினும் தெரியாமற் போகலாம். எனவே அவன் விளக்குகளின் நேரில் நடவாமல் ஓரமாக, வெகுதூரம் முன்னே நடக்கவேண்டும். கையில் அசைத்துக் காட்டும் விளக்கும் வேண்டும். வயலில் வேலை செய்யப் பொருத்தியுள்ள வெள்ளை விளக்குகளைச் சாலையில் ஏறியவுடன் அணைத்துவிடுவது இயந்திரக்காரரின் கடமை. பின்புறத்து வெள்ளை விளக்கு எரிந்தால், தொடர்ந்து வருபவருக்கு வண்டி எதிரே வருகிறதா முன்னே போகிறதா என்பதே புரியாது.

டிராக்டர் ஓட்டுபவர் ஆசனத்தில் அமர்ந்திருக்கும்வரை அங்கியின் தேவை சொற்பம். டயர் பஞ்சராகியோ, சுமை சரிந்தோ, அவர் இரவில் சாலையில் இறங்கும்போதுதான் அதன் தேவை எழுகிறது. அச்சமயம் அங்கி மூட்டைகளின் அடியில் கிடந்து பயனில்லை, கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும், இறங்குமுன் அணியவேண்டும். வண்டியின் பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் வேண்டுமென்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. ஆனால் பக்கவாட்டில் தொங்கும் வைக்கோல் அவற்றை முற்றும் மூடிவிடுவதைச் சாலையில் தினந்தோறும் காணலாம். சுமையின் கடைக்கோடியில் வேறொரு பிரதிபலிப்புப் பட்டையைக் கட்டுவது எளிது. மாட்டு வண்டிக்கும் இது பொருந்தும். எனினும் லாந்தரை விட்டுவிடலாகாது. விளக்கில்லாமல் எதிரே வரும் சைக்கிளுக்குப் பட்டையால் யாதொரு பயனுமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். சாலையில் உயிரைக் காக்கும் அங்கி, களத்தில் உயிரை வாங்கவும் கூடும். டிராக்டரின் சக்தி வெளியேறும் தண்டு சாதாரணமாக நிமிஷத்திற்கு 540 தடவை, அதாவது விநாடிக்கு 9 தடவை சுழல்கிறது. பத்து சென்டிமீட்டர் கனமுள்ள தண்டாயின் ஒரு விநாடியில் இரண்டே முக்கால் மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துக்கொள்ளும். பட்டன் போடாமல் பறக்கும் அங்கியோ, தொங்கும் நாடாவோ அதில் பட்டால் கையை எடுக்கக்கூட அவகாசம் இராது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்தவர்கள் பலர் இருந்தமையாலேயே 1983இல் அபாய இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. ஆகையால் தண்டு, கதிரடிக்கும் இயந்திரம், தட்டை வெட்டும் இயந்திரம் ஆகியவற்றின் அருகே செல்லுமுன் தளர்ந்த அங்கியைக் கழற்றிவிடவேண்டும். வாங்கும்போதே உடலோடு ஒட்டியதாய், இழுத்தால் தானே பிரிந்துவிடும் ஒட்டுப்பட்டை கொண்டதாய்த் தேர்ந்தெடுப்பது உத்தமம். எல்லோருக்கும் போதுமென்று மிகப் பெரிய அளவில் ஒரே மாதிரியாக வாங்கும் வழக்கம் தவறானது. மெலிந்த தேகமுள்ளவர்மேல் அது கொடிபோல் பறக்கும்.

செலவைப் பற்றிச் சிலர் முணுமுணுக்கிறார்கள். ஒரு மணி நேர அறுவடை இயந்திர வாடகைக்குப் பல அங்கிகள் வாங்கலாம். அச்செலவு கூலியாளுடையதன்று, ஆளை இருட்டில் சாலைக்கு அனுப்புகிறவருடையது. வெயில் நாடாகையால் வலைத்துணி அங்கியே சௌகரியம். புழுக்கம் தாளாமல் கழற்றி வண்டியில் தொங்கவிடும் கனத்த அங்கியால் லாபமில்லை.

கல்லில் அடித்துத் துவைத்தால் பட்டையின் மணிகள் உதிர்ந்துபோம். வெளுப்பு மருந்து வர்ணத்தைக் கெடுக்கும். சேற்றை ஈரத்துணியால் துடைத்து, மிருதுவான சோப்பில் அலசி, நிழலில் உலர்த்தவேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும்போது இதை அணிதல் கூடாது. மழையில் நனைந்த பட்டையின் பிரகாசம் குறையும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். இவ்வர்ணம் வெயிலில் சிறுகச் சிறுக மங்குவதால் தினமும் அணிபவருக்கு அது தெரிவதில்லை. ஒரே சமயத்தில் பல அங்கிகள் வாங்குவோர் ஒன்றைப் பெட்டியில் மூடி வைத்து, மாதம் ஒருமுறை அந்தி வேளையில் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மங்கியவற்றைக் கொட்டகை ஆணியில் மாட்டி வைக்கலாகாது. அவசரத்தில் எவரேனும் அதையே நம்பி எடுத்து அணிந்துகொண்டு சாலைக்குப் போய்விடுவார். வயலில் குருவி ஓட்டும் பொம்மைக்கு அதைப் போர்த்திவிடலாம்.